எலிக்குப் பலித்த மருந்து என் தம்பிக்குப் பலிக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பெங்களூரில் வேலை பார்த்தபோது மெத்தபெட்டமைன் என்ற போதைப்பொருள் பழக்கம் வந்துவிட்டது. ஒன்றரை வருடம் எங்களுக்குத் தெரியவே இல்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். எழுந்தால் சாப்பாடு, மறுபடியும் தூக்கம். இப்போது தூக்கம் குறைந்துவிட்டது, ஆனால் எதிலும் பிடிப்பில்லை. கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிறவன், மேட்ச் ஓடும்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்கிறான். "உடம்பு வணங்காமல் நடிக்கிறான்" என்கிறார் அப்பா. மனநல டாக்டர் புப்ரோபியான் என்ற மன அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இணையத்தில் தேடினால், எலியின் மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்துச் செய்த ஆராய்ச்சிகள்தான் வருகின்றன. மன அழுத்த மருந்து கொடுத்ததும் எலி சரியாகிவிட்டதாம். எலிக்குச் செய்ததை நம்பித் தம்பிக்கு மாத்திரை கொடுக்கலாமா? அவன் பழையபடி ஆவானா?
– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம், இன்றைக்கே தம்பியிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். சிறு வயதிலோ அண்மையிலோ அவருக்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா? மெத்தபெட்டமைனுடன் சேர்த்துக் குடிப்பழக்கமோ தூக்க மாத்திரைப் பழக்கமோ இருந்து, அதையும் இப்போது சட்டென்று நிறுத்தியிருக்கிறாரா? புப்ரோபியானுக்கு வலிப்பைத் தூண்டும் குணம் கொஞ்சம் உண்டு. அளவு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டருக்கு போன் செய்து சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் டாக்டர் சொன்னபடி தொடரலாம்.

இனி எலிக்கு வருவோம். நீங்கள் தேடிப் படித்தது வீண் போகவில்லை. உங்கள் அப்பாவுக்கான பதில் அந்த ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. உங்கள் டாக்டர் எழுதிய மாத்திரைக்கான பதில் அதில் பாதிதான் இருக்கிறது.

இந்தக் கதை கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தி, லேசான மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். எந்த இடத்தில் நின்றபோது மின்சாரம் கிடைத்ததோ அந்த இடத்துக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு, நெம்புகோலை அழுத்தினால் தானே மின்சாரம் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். எலி விடாமல் அழுத்தியது. 1954-ல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான், இன்பத்துக்கும் ஈர்ப்புக்கும் மூளையில் தனிப் பாதைகள் இருக்கின்றன என்பது பரிசோதனையில் தொட்டுப் பார்க்கும் விஷயமானது.

உங்கள் தம்பியைப் பற்றிய கேள்விக்கு உதவுவது அதற்குப் பின்னால் வந்த நுட்பமான வடிவம். எலி எத்தனை முறை அழுத்துகிறது என்று மட்டும் எண்ணினால் ஒரு குழப்பம் வரும். குறைவாக அழுத்தினால், அது எலிக்கு ஆசை விட்டுப்போனதாலா, உடம்பில் தெம்பில்லாததாலா? இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் வேறு முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறிய கூண்டின் சுவரில் ஒரு சக்கரம். எலிக்கு முதலில் அரை விநாடி மின்சாரம் இலவசமாகத் தரப்படும். அது பிடித்திருந்தால், ஏழரை விநாடிக்குள் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பினால் போதும், அதே அளவு மின்சாரம் இன்னொரு முறை கிடைக்கும். பிறகு மின்சாரத்தை 5 மைக்ரோ ஆம்பியர் படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் எலி சக்கரத்தைத் தொடாது, 'இது எனக்கு உறைக்கவில்லை' என்று சொல்வது போல. அங்கிருந்து மறுபடியும் படிப்படியாகக் கூட்டுவார்கள். இப்படி மேலும் கீழும் போய், எலிக்கு இன்பமாகத் தெரிய ஆரம்பிக்கும் குறைந்தபட்ச மின்சாரம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். எலி எவ்வளவு சீக்கிரம் சக்கரத்தைத் திருப்பியது என்பது தனிக் கணக்கு. ஆக, உடம்பின் மந்தம் ஒரு எண்ணாகவும் இன்பத்தின் மந்தம் இன்னொரு எண்ணாகவும் கிடைக்கும். சோம்பலையும் சுகமின்மையையும் இப்படித் தனித்தனியே அளக்க முடிந்ததுதான் இந்த முறையின் பெரிய பலம் என்பேன்.

கொக்கெய்ன், ஆம்பெட்டமைன் போன்ற தூண்டு போதைகளைக் கொடுத்தால் அந்தக் குறைந்தபட்ச அளவு இறங்கிவிடும். சாதாரணமாக உறைக்காத துளி மின்சாரமும் இனிக்கும். போதையை நிறுத்தினால் நேர்மாறு. 1991-ல் அதீனா மார்கோ, ஜார்ஜ் கூப் இருவரும் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் இதைச் சுத்தமாகக் காட்டினார்கள். கொக்கெய்னைத் தாமே எடுத்துக்கொள்ள எலிகளை விட்டார்கள், சிலவற்றைச் சில மணி நேரம், சிலவற்றை இரண்டு நாள் வரை. நிறுத்தியதும் குறைந்தபட்ச அளவு மேலே ஏறியது. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ அதற்கேற்ப ஏற்றமும் அதிகம், இறங்க ஆன நாளும் அதிகம். ஆம்பெட்டமைனை நிறுத்திய எலிகளிடம் இதே வகைத் தளர்ச்சி 1976-லேயே பதிவாகியிருக்கிறது. உங்கள் தம்பி எடுத்த மெத்தபெட்டமைன் அதே குடும்பத்து மருந்து.

காது மந்தமான ஒருவருக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்தால்தான் பாட்டு கேட்கும். பாட்டும் பாடுகிறவரும் மாறவில்லை, கேட்கத் தேவையான சத்தம்தான் கூடிவிட்டது. உங்கள் தம்பிக்குக் கிரிக்கெட்டும் அம்மாவின் சமையலும் உங்கள் பேச்சும் இன்று அப்படித்தான். அவை மூளையை எட்டத் தேவையான அளவு தற்காலிகமாக மேலே போய் நிற்கிறது. நடிக்கத் தெரியாத எலிக்கும் இதே நிலைதான் வருகிறது. அதற்கு அப்பாவை ஏமாற்றும் எண்ணம் கிடையாது, வேலைக்குப் போகாமல் தப்பிக்கும் எண்ணமும் கிடையாது. சக்கரத்தைத் திருப்பத் தெம்பு இருந்தும், பழைய அளவு மின்சாரத்துக்காக அதைத் திருப்பத் தோன்றவில்லை. இதை உங்கள் அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

'ஏன் இவன் மேலும் மேலும் எடுத்தான், ஒரு அளவோடு நிறுத்தக் கூடாதா?' என்ற கேள்வியும் உங்கள் வீட்டில் எழுந்திருக்கும். 2002-ல் மார்கோ, கூப் குழுவினர் ஒரு பதில் தந்தார்கள். எலிகளில் ஒரு கூட்டத்துக்குத் தினமும் 1 மணி நேரம் கொக்கெய்ன், இன்னொரு கூட்டத்துக்கு 6 மணி நேரம். ஒரு மணி நேரக் கூட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. ஆறு மணி நேரக் கூட்டத்தில் குறைந்தபட்ச அளவு நாளுக்கு நாள் ஏறியது. முந்தின நாள் ஏற்றம் முழுதாக இறங்குவதற்குள் அடுத்த நாள் போதை வந்துவிட்டது. அந்த ஏற்றத்தோடு கூடவே எடுக்கும் அளவும் கூடிக்கொண்டே போனது. இன்பத்துக்காக ஆரம்பித்தது, ஒரு கட்டத்துக்குப் பிறகு பழைய சாதாரண நிலையைத் தொடுவதற்கான ஓட்டமாகிறது. என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் இதையே தங்கள் வார்த்தையில் சொல்கிறார்கள்: "கடைசியில் ஜாலிக்காக எடுக்கல டாக்டர், எழுந்து நிக்கறதுக்காக எடுத்தேன்."

சரி, மருந்து? எலிகளிடம் மருந்து வேலை செய்தது உண்மைதான். ஆம்பெட்டமைனுக்குப் பிந்தைய தளர்ச்சியைப் பழைய வகை மன அழுத்த மருந்துகள் மாற்றின என்று 1980-லேயே ஒரு கட்டுரை வந்தது. 1992-ல் மார்கோவின் குழு டெசிப்ரமைன் என்ற மருந்தை ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தது. கொக்கெய்னுக்குப் பிறகு அந்த அளவு ஏறியிருந்த காலம் குறைந்தது. 2001-ல் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மன அழுத்த மருந்தையும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பி ஒன்றைத் தடுக்கும் பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஆம்பெட்டமைன் நிறுத்திய எலிகளின் சுகமின்மை மாறியது. நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்த வரிசையில் ஒன்றாகத்தான் இருக்கும். ஃப்ளூவாக்ஸெட்டின் மருந்துக் கடையில் கிடைப்பது. கூடச் சேர்த்த பொருள் ஆய்வகத்தோடு நிற்பது, எந்தக் கடையிலும் மாத்திரையாகக் கிடைக்காது. 'மன அழுத்த மாத்திரை கொடுத்ததும் எலி சரியாகிவிட்டது' என்ற ஒற்றை வரியில் இது காணாமல் போய்விடுகிறது.

மனிதர்களிடம் முதலில் கிடைத்த செய்தியும் நன்றாகவே இருந்தது. 1989-ல் அமெரிக்காவில் கொக்கெய்ன் பழக்கம் உள்ள 72 பேரிடம் ஆறு வார ஆய்வு நடந்தது. டெசிப்ரமைன் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேர் தொடர்ந்து மூன்று நான்கு வாரம் கொக்கெய்னைத் தொடவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேர்தான் அப்படி இருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. 2011-ல் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கொக்கெய்ன் பழக்கத்துக்கு மன அழுத்த மருந்துகளைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு வந்தது. ஆம்பெட்டமைன் நிறுத்தத்தின் தொல்லைகளுக்கு மருந்து தேடிய 2009 தொகுப்பிலும் உறுதியாகப் பலன் தருவதாக ஒன்றும் தேறவில்லை. அதில் இடம்பெற்ற அமினெப்டின் என்ற மருந்து, அதற்கே ஆட்கள் அடிமையாகத் தொடங்கியதால் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட ஒன்று.

ஏன் இந்த இடைவெளி? எலிக்கு நான்கைந்து நாள் ஊசி போட்டு நிறுத்துகிறார்கள். அதன் அளவு சில நாளில் தானாகவே இறங்கிவிடும், மருந்து அந்த இறக்கத்தை விரைவாக்குகிறது. உங்கள் தம்பிக்கு ஒன்றரை வருடம். தூக்கம் கெட்ட இரவுகள், கூட இருந்த நண்பர்கள், போனில் இன்னும் இருக்கும் எண்கள், வேலையை விட்ட அவமானம் எல்லாம் சேர்ந்தது அது. எலிக் கூண்டுக்குள் இவை எதுவும் வருவதில்லை. இன்னொன்று, எலியிடம் கேட்ட கேள்வி 'உனக்கு மறுபடி சுகம் தெரிகிறதா' என்பது. மனிதர்களிடம் கேட்ட கேள்வி 'மறுபடி எடுத்தாயா' என்பது. முதலாவது சரியானாலும் இரண்டாவது தானாகச் சரியாவதில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் பல குடும்பங்கள் மாத்திரை மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்து, பிறகு அடியோடு வெறுத்துவிடுகின்றன.

ஆக, நிறுத்திய பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதில் எலியை நம்பலாம். எந்த மாத்திரை உதவும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டரும் எலியைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. மெத்தபெட்டமைன் பழக்கம் உள்ள 403 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 450 மில்லிகிராம் புப்ரோபியான், கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அபின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் ஊசி. சிறுநீர்ப் பரிசோதனைகளில் பெரும்பாலும் மெத் இல்லாமல் வந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 13.6 சதவீதம். மருந்து பெறாதவர்களில் 2.5 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் மருந்து பெற்றவர்களிலும் நூற்றுக்கு 86 பேர் அந்த அளவுகோலைத் தொடவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே இரண்டு மருந்துகள் சேர்ந்து தரப்பட்டன. புப்ரோபியானைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், குறைவாகப் பயன்படுத்தியவர்களிடம் கொஞ்சம் பலன் தெரிந்ததே தவிர, மொத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைனையும் நார்-எபிநெஃப்ரினையும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கவைக்கும் மருந்து என்பதாலும், மன அழுத்தத்துக்குப் பழகிய மருந்து என்பதாலும் உங்கள் டாக்டர் அதைத் தேர்ந்திருக்கலாம். அது நியாயமான தேர்வு. அந்த மாத்திரை கொஞ்சம் கைகொடுக்கும், முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றாதீர்கள்.

'பழையபடி ஆவானா' என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்லாந்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் எழுதிய கட்டுரையில், நீங்கள் சொல்லும் தூக்கமும் பசியும் சோர்வும் முதல் ஏழு முதல் பத்து நாளில் உச்சத்தில் இருந்து தணிகின்றன. அதன் பிறகு லேசான மனத்தளர்ச்சி குறைந்தது இன்னும் இரண்டு வாரமாவது நிற்கிறது. உங்கள் தம்பி மூன்றாவது வாரத்தில் இருக்கிறார். அவர் போகும் பாதை எதிர்பார்த்த பாதைதான். முழுக் குணம் அதைவிட நீளம். அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001-ல் ஐந்து பேரின் மூளையை ஸ்கேன் எடுத்து, ஓராண்டுக்கு மேல் மெத் தொடாமல் இருந்த பிறகு அதே ஐந்து பேரை மறுபடி எடுத்தது. டோபமைனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் புரதம் கணிசமாக மீண்டிருந்தது. நினைவாற்றல், கை கால் வேகம் முதலியவற்றுக்கான சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. ஐந்தே பேர், அதனால் இதைப் பெரிய சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளை தன்னைச் சீராக்கிக்கொள்கிறது, அதற்கு மாதக்கணக்கு ஆகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் சிரிக்கவில்லையே என்று பதறினால் அவர் மேல் இன்னொரு சுமைதான் ஏறும்.

தூண்டு போதைப் பழக்கத்துக்கு இன்றுவரை மிக உறுதியான ஆதாரம் உள்ள சிகிச்சை மாத்திரை அல்ல. பரிசோதனையில் போதை இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் கையோடு ஒரு சிறு பரிசோ கூப்பனோ தரும் முறைதான் அது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2011-லிருந்தே இதைப் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு இது லஞ்சம் போலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. 'ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் பைக் வாங்கித் தருகிறேன்' என்ற தூரத்து வாக்குறுதி, இன்பம் எட்டாத மூளைக்கு உறைப்பதில்லை. இன்றே கிடைக்கும் சிறியது உறைக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் எல்லா மையங்களிலும் இந்த ஏற்பாடு இருக்காது. அதன் சாரத்தை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்து குளித்தால், உங்களோடு ஒரு நடை போய் வந்தால், அன்றைக்கே அவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்று நடக்கட்டும். கையில் பணமாக மட்டும் கொடுக்காதீர்கள், பணமே பழைய இடத்துக்கு வழி காட்டிவிடும். நடை என்று சொன்னது வெறும் புத்திமதி இல்லை. மெத் நிறுத்தி மையத்தில் தங்கியிருந்தவர்களுக்கு வாரம் மூன்று முறையாக எட்டு வாரம் உடற்பயிற்சி கொடுத்த ஆய்வில் மனத்தளர்ச்சியும் பதற்றமும் குறைந்தன.

கிரிக்கெட்டைப் பற்றி ஒன்று. "முன்னாடி எப்படி ரசிப்பே, இப்ப ஏன் பார்க்க மாட்டேங்கறே" என்று கேட்காதீர்கள். டி.வி. ஓடட்டும், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள். ஐந்து ஓவர் பார்த்துவிட்டு எழுந்து போனால் போகட்டும்.

இந்தக் காலத்தில் நான் உண்மையில் பயப்படுவது சோம்பலுக்கு இல்லை. 'இனி எப்போதும் இப்படித்தான் இருக்கப் போகிறேன்' என்ற எண்ணம் சிலரைத் தற்கொலை வரை கொண்டுபோகிறது. "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும், கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். 'ஆமாம்' என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ உங்கள் டாக்டரிடமோ அழைத்துப் போங்கள். நடு இரவென்றால் டெலி-மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள், ஏதோ குரல் கேட்கிறது என்று இந்த மூன்றாம் வாரத்திலும் சொன்னால் அதையும் தள்ளிப்போடாமல் தெரிவியுங்கள். புப்ரோபியான் இந்த மாதிரிப் பிரமைகளைச் சிலருக்குக் கூட்டவும் செய்யும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது தம்பியின் தூக்கம், சாப்பாடு, ஆசை எழுந்த நேரங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எடுக்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் ஒரே நேரத்தில், ஒரே போன் அழைப்புக்குப் பிறகு வருவது அந்தத் தாளில்தான் தெரியவரும். நால்ட்ரெக்சோன் சேர்ப்பது பற்றிக் கேளுங்கள். தம்பி வலிக்கென்று ஓபியாய்டு (அபின்) வகை மாத்திரை எதையாவது எடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், புப்ரோபியானில் அது ஏறலாம். மாத்திரையின் பலனைத் தீர்மானிக்க நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை வேறு டாக்டர், வேறு மாத்திரை என்று அலையாமல் இவரிடமே காட்டுங்கள்.